நல்லதாங்கல் பூங்காவுக்கு வந்த படைவீரர்கள்

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் சாலையை ஒட்டி நல்லதாங்கல் ஏரி என்று ஒன்று இருக்கிறது. பாதியை வீட்டுமனை போட்டவர்கள் விழுங்கினார்கள். விழுங்கி முடித்ததும், மிச்சமுள்ள பாதியை அழகுபடுத்தித் தரும்படி அதே ஆட்கள் மனுக் கொடுத்தார்கள். அரசாங்கமும் அழகுபடுத்தியது. சுற்றிலும் கம்பிவேலி, சிமென்ட் கல் பாவிய நடைபாதை, ஆறே மாதத்தில் சாயம் வெளுத்த ஒட்டகச்சிவிங்கி, நுழைவுக்குப் பத்து ரூபாய். விடியற்காலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை மட்டும் யாரும் இலவசமாக நடக்கலாம். அந்தப் பூங்காவின் வாசல் காவலர்தான் இருதயராஜ்.

ஊரே அவரை 'மிலிட்ரி' என்றது. பட்டாளத்தில் இருந்தவர் என்று தெரிந்தால் போதும், நம் ஜனங்களுக்கு உடனே துப்பாக்கிச் சத்தம் கேட்க வேண்டும். "எத்தினி பேர சுட்டீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. இருதயராஜ் யாரையும் சுட்டதில்லை. பத்தொன்பது வயதில் சேர்ந்து பதினேழு வருடம் அவர் பார்த்தது பண்டகசாலை வேலை. ஜபல்பூரிலும் பதான்கோட்டிலும் கம்பளி, பூட்ஸ், தார்ப்பாய், கெரசின் டின் ஆகியவற்றை எண்ணினார். எண்ணி வாங்கினார், எண்ணிக் கொடுத்தார். ஒரு தடவை நாற்பது கம்பளி குறைந்தபோது, மேலதிகாரி முகத்துக்கு நேரே, "எண்ணாமல் கையெழுத்துப் போடமாட்டேன் சாப்" என்று சொல்லி மூன்று நாள் தண்டனை வாங்கினார். ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தபோது அவருக்கு முப்பத்தாறு வயது. இந்தக் கம்பளிக் கதையைச் சொன்னால் கேட்பவர் முகம் தொங்கிப்போகும். எல்லையில் பனியில் படுத்திருந்ததாக ஒரு பொய் சொல்லியிருந்தால் டீயாவது வாங்கிக் கொடுத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம், முகப்பேரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, அம்பத்தூரில் ஒரு கணினிக் கம்பெனி, திருமழிசையில் ஒரு கிடங்கு என்று கேட் கேட்டாக நின்றார். நாட்டைக் காத்தவன் என்று பேசுகிற தேசம், ஓய்வு பெற்றவனுக்குக் கொடுத்த வேலை இன்னொருவன் காருக்குக் கதவு திறப்பது. ஆவடி வட்டாரத்தில் தெருவுக்கு நாலு முன்னாள் படைவீரர்கள் உண்டு. அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவர்கள்தான்.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் அரசாங்கத்துக்கு அவர்கள்மேல் பாசம் பொங்கியது. சுதந்திர தினத்தன்று ஓர் அறிவிப்பு வந்தது. முன்னாள் படைவீரர்களுக்குப் பூங்காவில் நுழைவு இலவசம்.

ஆகஸ்டு கடைசி வெள்ளிக்கிழமை விழா. பத்து மணிக்கு ரிப்பன் வெட்டுவதாகப் பத்திரிகை அடித்திருந்தார்கள். பிரமுகர் வந்து சேர்ந்தது பத்தரைக்கு. பத்தரைக்கு ராகு காலம் பிடித்துவிட்டதாம். பிரமுகர் ஏ.சி. காரிலேயே உட்கார்ந்துகொண்டார். பந்தலுக்கு வெளியே வரிசையாக நிறுத்தப்பட்டிருந்த பதினெட்டு பழைய சிப்பாய்கள், ஒருவருக்குச் செயற்கைக் கால், பன்னிரண்டு மணிவரை வெயிலில் நின்றார்கள். எதிரியின் குண்டுக்குப் பயப்படாதவர்களை வானத்தில் இல்லாத ஒரு பாம்புக்குப் பயந்து காய வைத்தார்கள். பிறகு ஒரு பூசணிக்காயை நடைபாதையில் போட்டு உடைத்தார்கள். அதில் வழுக்கி விழுந்ததுதான் பூங்காவில் முன்னாள் படைவீரர் ஒருவர் இலவசமாகப் பெற்ற முதல் அனுபவம்.

பூங்காவைக் குத்தகைக்கு எடுத்தவர் வெற்றிச்செல்வன். வண்டி நிறுத்துமிடம், கட்டணக் கழிப்பறை, சந்தை வசூல் எல்லாம் அவர் கையில்தான். இலவசம் என்றால் தனக்கு நஷ்டம் என்று அவர் முன்கூட்டியே அழுது வைத்திருந்தார். ஆகவே ஓர் ஏற்பாடு செய்தார்கள். இலவசமாக வரும் படைவீரர் ஒவ்வொருவருக்கும் பத்து ரூபாயை அரசு அலுவலகம் குத்தகைதாரருக்குத் திருப்பித் தரும். வருகிறவரின் பெயர், படை, பதவி, சேவை எண் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். வருகிறவர் நிஜமான படைவீரர்தானா என்று பார்க்க இன்னொரு படைவீரர் வேண்டுமே? வாசலில் இருந்த இருதயராஜை மேடைக்குக் கூப்பிட்டார்கள். சால்வை போர்த்தினார்கள். 'சரிபார்ப்பாளர்' என்று ரப்பர் ஸ்டாம்பு ஒன்றும் கொடுத்தார்கள்.

பதினேழு வருடப் பட்டாளத்திலும் இருபத்திரண்டு வருடக் காவலிலும் யாரும் அவருக்குச் சால்வை போட்டதில்லை. வீட்டுக்கு வந்து, மனைவி ஜெசிந்தாவிடம் ஸ்டாம்பை எடுத்துக் காட்டினார். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபது வருடம் சட்டைக்குக் காலர் தைத்த கை அவளுடையது. அப்படியும் இப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு, "சம்பளம் ஏத்துனானா?" என்றாள்.

"இல்ல."

"அப்ப இத்த வெச்சி இன்னா பண்ணுவ? நெத்தில குத்திக்குவியா?"

மறுநாள் குத்தகைதாரரின் மேனேஜர் சிவராமன் ஒரு தடித்த பதிவேட்டோடு வந்தார். நாளொன்றுக்கு இரண்டு பக்கம், பக்கத்துக்கு நாற்பது வரி, மாதத்துக்கு முப்பது நாள் கணக்கில் அறுபது பக்கம்.

"அண்ணாத்தே, ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில ஒரு கையெழுத்து, ஒரு ஸ்டாம்பு. மாசத்துக்கும் சேத்து இப்பவே போட்டுடு."

"ஒண்ணுமே எழுதலையே சார்."

"வர்றவங்கள நான் எழுதிக்கிறேன். நீ கேட்டப் பாப்பியா, பேனாவப் புடிச்சிகினு நிப்பியா? உன்ன நம்பித்தான எங்க சார் உனக்கு மேடை போட்டாரு?"

கம்பளியில் ஏமாறாத மனிதர் சால்வையில் ஏமாந்தார். வெற்றுப் பக்கங்களில் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதமும் போட்டார், அதற்கடுத்த மாதமும் போட்டார். ஆனால் பழைய பழக்கம் முழுக்கச் சாகவில்லை. உண்மையில் வந்த படைவீரர்களைத் தன் சட்டைப்பை நோட்டில் தனியாகக் குறித்து வந்தார். அதிலொன்றும் சிரமமில்லை. சில வாரம் ஒருவர்கூட வரவில்லை. வர வேண்டியவர்கள் எல்லாம் வங்கி வாசலிலும் மால் வாசலிலும் நின்றுகொண்டிருந்தார்கள். பூங்காவுக்கு வர அவர்களுக்குக் குறைவாக இருந்தது பத்து ரூபாய் அல்ல, ஒரு நாள் விடுமுறை. மூன்று மாதத்தில் வந்தவர்கள் முப்பத்தொரு பேர்.

நவம்பர் கடைசியில் வாசலில் ஒரு புதுப் பலகை முளைத்தது. 'முன்னாள் படைவீரர் இலவச அனுமதியால் ஏற்படும் செலவை ஈடுகட்டும் பொருட்டு, காலை நடைப்பயிற்சிக்கு நபர் ஒருவருக்கு ரூ. 5 வசூலிக்கப்படும்.'

விடியற்காலையில் அங்கே நடக்க வந்தவர்கள் கார் வைத்திருந்தவர்கள் அல்ல. கார்க்காரர்களுக்கு அவரவர் குடியிருப்பிலேயே நடைபாதை உண்டு. இங்கே வந்தவர்கள் வஹீதுன்னிசா போன்றவர்கள். பூந்தமல்லியில் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறவள். சர்க்கரை ஏறி, கால் மரத்து, தினம் முக்கால் மணி நேரம் நடக்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவளோடு வருகிற மங்களம் மூன்று ஃபிளாட்டுகளில் சமையல் செய்கிறவள். வேலைக்குப் போகப் பூங்காவைக் குறுக்கே கடந்தால் அவளுக்கு மெயின் ரோட்டில் நடப்பது மிச்சம்.

பலகையைப் படித்துவிட்டு வஹீதுன்னிசா இருதயராஜ் எதிரில் வந்து நின்றாள்.

"இன்னாண்ணே இது? உங்க ஆளுங்க ஓசியில நடக்குறதுக்கு நாங்க துட்டு கட்டணுமா?"

"நான் போட்ட ரூலாம்மா இது?"

"பார்டர்ல எங்கள காப்பாத்தினீங்க, சரி. இங்க உங்ககிட்டருந்து யாரு எங்கள காப்பாத்துவாங்க?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். இருதயராஜுக்கு முகம் சுட்டது. அவரைப் போன்ற ஆட்களைக் காட்டித்தான் இந்த ஏழைப் பெண்களின் மடிக்காசில் கை வைத்திருக்கிறார்கள். அடுத்த நாளிலிருந்து கூட்டம் பாதியாயிற்று. வஹீதுன்னிசா வரவில்லை. மங்களம் மெயின் ரோடு வழியாகப் போகத் தொடங்கினாள். ஒன்பதாம் நாள் தவறான பக்கத்தில் வந்த பைக் ஒன்று இடித்து அவளுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மூன்று வீட்டுச் சமையலும் போயிற்று. இதைக் கேட்ட வெற்றிச்செல்வன், "அஞ்சு ரூபா குடுத்து உள்ளாற போயிருந்தா கை நல்லா இருந்திருக்கும்" என்று ஒரு கருத்துச் சொன்னார்.

அன்று மதியம் சிவராமன் டிசம்பர் மாதப் பதிவேட்டைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். கீழே பழைய மூன்றும் இருந்தன. இருதயராஜ் முதன்முறையாக அவற்றைத் திறந்து படித்தார்.

ஒரு நாளைக்கு எண்பது பேர். எழுபத்தொன்பது இல்லை, எண்பத்தொன்று இல்லை. அக்டோபர் மழையில் ஏரி தளும்பி, பூங்காவை நான்கு நாள் பூட்டு போட்டு வைத்திருந்தார்கள். அந்த நான்கு நாளும் எண்பது எண்பது பேர் முழங்கால் தண்ணீரில் வந்து பூப் பார்த்திருந்தார்கள். ஆக மொத்தம் ஏழாயிரத்து இருநூறு வீரர்கள், எழுபத்திரண்டாயிரம் ரூபாய்.

வீரர்கள் யார் யார் என்று பார்த்தார். சுபேதார் தமிழ்மணி, கடற்படை. நாயக் கோதண்டம், விமானப்படை. கடற்படையில் சுபேதார் கிடையாது, விமானப்படையில் நாயக் கிடையாது. டீக்கடை வைத்திருப்பவரைத் தாசில்தார் என்பதுபோல இருந்தது. சேவை எண் என்ற இடத்தில் பத்துப் பத்து இலக்கமாகக் கைபேசி எண்கள். பெயர்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. தலை நிமிர்ந்தார். எதிர்ச் சுவரில் யார் வீட்டுக் குழந்தைக்கோ காதுகுத்து என்று ஒரு ப்ளெக்ஸ் பேனர். தாய்மாமன் தமிழ்மணி, பெரியப்பா கோதண்டம், அன்பில் இணையும் நண்பர்கள் நாற்பத்தாறு பேர். அதே வரிசையில் அத்தனை பேரும் பட்டாளத்தில் சேர்ந்திருந்தார்கள். பேனர் தீரத் தீர மறுபடி முதலிலிருந்து சேர்ந்தார்கள். நடுவில் சிவராமனுக்கு அலுப்புத் தட்டியிருக்க வேண்டும். ஹவில்தார் இருதயராஜ் என்று இருபத்தாறு தடவை எழுதியிருந்தார். வாசலைவிட்டு நகராத மனிதர் இருபத்தாறு தடவை இலவசமாக உள்ளே போயிருந்தார்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய கையெழுத்து. குண்டு குண்டாக, ஒரு பிழை இல்லாமல்.

சிவராமன் ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பி வந்தார். இருதயராஜ் பதிவேட்டைத் தள்ளி வைத்தார். "இதுல போடமாட்டேன் சார். பழசுலயும் என் கையெழுத்த அடிச்சிக் குடுக்கணும்."

சாயங்காலம் வெற்றிச்செல்வனே வந்துவிட்டார். கோபப்படவில்லை. கோபப்படாத ஆட்கள்தான் அபாயமானவர்கள்.

"மிலிட்ரி, உக்காரு. மொத்தம் நூத்தி எம்பது பக்கம். எதுலயாச்சும் என் கையெழுத்து கீதா? சிவராமனுது கீதா? எல்லாம் உன்னுது. கேஸுன்னு போனா உள்ள போறது நீ. பென்ஷன் அப்டியே நின்னுபூடும். யோசிச்சிக்க."

"வெத்துப் பக்கத்துல வாங்கினது நீங்க சார்."

"போட்டது யாரு? பச்சக் கொழந்தையா நீ?" என்றவர் எழுந்து அவர் தோளைத் தட்டினார். "நாட்டுக்கு ஒழைச்சவன். கடைசி காலத்துல நிம்மதியா இரு. ஜெய்ஹிந்த்."

திருடுகிறவன் சொன்னால் அந்த வார்த்தைக்கு எவ்வளவு சத்தம் கூடுகிறது! கொடி விற்று, ரிப்பன் வெட்டி, சிலைக்கு மாலை போட்டு, கடைசியில் அதே வார்த்தையைத் துப்பாக்கி மாதிரி ஒரு கிழச் சிப்பாயின் நெஞ்சுக்கே திருப்பிப் பிடிக்கிறான். தேசபக்தியை இந்த நாட்டில் லாபத்துக்கு நடத்துகிறவர்கள் எல்லாம் ராணுவத்துக்கு வெளியேதான் இருக்கிறார்கள்.

வீட்டில் இருதயராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா விஷயத்தை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். அந்தப் பென்ஷனில்தான் வாடகை. அவர் சம்பளத்தில்தான் மற்றதெல்லாம்.

"பென்ஷன நிறுத்த முடியுமா அவனால?"

"தெரில. கேஸு போட்டா இழுப்பாங்க."

"மங்களம் கைக்கு மாவுக்கட்டு போட்டுகினு கீறா. பாத்துட்டு வந்தேன். யார் மேல கோவம்னு கேட்டேன். மிலிட்ரிக்காரங்க மேலன்னா. உன் பேர சொல்லல, நாகரிகமானவ." அவள் தட்டை அவர் பக்கம் தள்ளினாள். "சால்வைக்கு மயங்குன மனுசன் நீ, அத்த மறைக்க முடியாது. ஆனா பொய்க்குக் காவக்காரன் நீதான்னு ஊர் பேசுச்சுன்னா, அந்தப் பென்ஷன வாங்கித் துன்ன எனக்குத் தொண்டையில எறங்காது. சாப்டு."

டிசம்பர் பதினான்காம் தேதி, வட்டார மக்கள் குறை சொல்லும் பகுதி சபைக் கூட்டம் பூங்காவிலேயே நடந்தது. அகல்யா என்ற இளம் அதிகாரி தலைமை. பக்கத்து நாற்காலியில் வெற்றிச்செல்வன். பொதுமக்கள் வரிசையில் நூறு பேர். வஹீதுன்னிசா முன்வரிசையில், கட்டுப்போட்ட கையோடு மங்களம் பக்கத்தில். "காலைக் கட்டணம் பற்றிக் கேள்வி இருக்கா?" என்று அதிகாரி கேட்டதும், வாசலில் நின்ற இருதயராஜ், கணக்குக் காட்டுவதற்காகச் சிவராமன் வாசல் மேசையில் அடுக்கியிருந்த மூன்று பதிவேடுகளையும் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார்.

"நான் பேசணும் மேடம்."

"செக்யூரிட்டி எல்லாம் அப்பறம் பேசிக்கலாம்பா," என்றார் வெற்றிச்செல்வன்.

"செக்யூரிட்டியா பேசல. சரிபார்ப்பாளரா பேசுறேன். நீங்க குடுத்த பதவிதான்."

படிக்கத் தொடங்கினார். பண்டகசாலையில் சரக்கு வாசிக்கிற குரல், ஏற்ற இறக்கம் இல்லை. சுபேதார் தமிழ்மணி, கடற்படை. நாயக் கோதண்டம், விமானப்படை. கூட்டத்தில் இருந்த இரண்டு பழைய சிப்பாய்கள் முதலில் வெடித்துச் சிரித்தார்கள். காரணத்தை அவர்கள் பக்கத்திலிருந்தவர்களுக்குச் சொல்ல, சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. பூங்கா பூட்டிக் கிடந்த நான்கு நாளுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

வஹீதுன்னிசா எழுந்தாள். "மேடம், எங்க ஊட்டுக்காரரு மாங்காட்டுல பிரியாணி மாஸ்டர். அவரையும் கப்பல்ல சுபேதார்னு எழுதிக்கச் சொல்லுங்க. நானும் ஓசியில நடந்துகினு போறேன்."

வெற்றிச்செல்வன் எழுந்து நின்றார். "இது நம்ம ராணுவத்த அவமானப்படுத்துற செயல்! கையெழுத்து யாரோடதுன்னு கேளுங்க மேடம்!"

"என்னுது," என்றார் இருதயராஜ். "நூத்தி எண்பதும் என்னுது. எழுதாத பக்கத்துல போட்டேன். அது தப்பு. அதுக்கு என்ன உண்டோ நான் வாங்கிக்கிறேன். ஆனா வந்தவங்க முப்பத்தோரு பேருதான்." சட்டைப்பை நோட்டை மேசையில் வைத்தார். "தேதியோட, போன் நம்பரோட இருக்கு. அவங்க நம்பருக்கெல்லாம் போன் பண்ணிப் பாருங்க. பதிவேட்டுல இருக்கிற நம்பருக்கும் பண்ணிப் பாருங்க."

அதிகாரி பதிவேட்டிலிருந்த ஓர் எண்ணைத் தன் கைபேசியில் அழுத்தினார். பேனர் அச்சடிக்கும் கடைக்காரர் எடுத்து, எத்தனை அடிக்கு எத்தனை அடி வேண்டும் என்று கேட்டார்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு எழுபது பெண்கள் வாசலில் நின்றார்கள். இருதயராஜை வேலையைவிட்டு நிறுத்தி, புதுக் காவலர் ஒருவரைப் போட்டிருந்தார்கள். அவர் ஐந்து ரூபாய் கேட்டார். வஹீதுன்னிசா பலகையைக் காட்டினாள். "இத்த படி நைனா. படைவீரர் செலவுக்குன்னுதான போட்டுக்கீது? அந்தச் செலவு பொய்னு நேத்து இங்கதான் வெளிய வந்துச்சு. அப்பறம் இன்னாத்துக்குத் துட்டு?" புதுக் காவலர் படித்தார். அவரும் நியாயமாக யோசிக்கத் தெரிந்தவர்தான், சம்பளம் மட்டும்தான் குறைவு. ஒதுங்கி நின்றார். அந்த வாரமே பலகையைக் கழற்றிவிட்டார்கள்.

விசாரணை இரண்டு மாதம் நடந்தது. அரசாங்கம் தன் அறிவுக்கு எட்டியதைச் செய்தது. சிவராமன்மேல் வழக்கு. எழுபத்திரண்டாயிரத்தையும் வெற்றிச்செல்வன் திருப்பிக் கட்ட வேண்டும், பூங்காக் குத்தகை ரத்து. அடுத்த வாரமே நசரத்பேட்டைப் பக்கம் வேறொரு ஏரியின் குத்தகை அவருடைய மைத்துனர் பெயரில் போனது. படைவீரர் இலவச அனுமதியும் ரத்து. அரிசியில் கல் கிடந்தால் அரிசியைக் கொட்டிவிடுவது அவர்கள் வழக்கம்.

இருதயராஜைக் கூப்பிட்டு ஓர் உத்தரவைக் கொடுத்தார்கள். பொறுப்பின்றிக் கையெழுத்திட்டதற்காக இனி எந்த ஒப்பந்தத்திலும் அவரைச் சேர்க்கக் கூடாது. பென்ஷனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அது இவர்கள் கைக்கு எட்டாத இடம் என்று இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இரண்டு மாதத் தூக்கத்தை வெறும் வாயாலேயே பறித்திருந்தார் வெற்றிச்செல்வன்.

"நகல் பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்து போடுங்க," என்றார் எழுத்தர்.

இருதயராஜ் கண்ணாடியை மாட்டி முதல் வரியிலிருந்து படித்தார். நான்காவது வரியில் விரலை வைத்தார். 'முன்னாள் படைவீரர் இலவச அனுமதியால் ஏற்பட்ட ரூ. 72,000 இழப்பு தொடர்பாக' என்றிருந்தது.

"இது தப்பு சார்."

"எது?"

"படைவீரருக்கு ஆன செலவு முந்நூத்திப் பத்து ரூபா. முப்பத்தோரு பேரு. மீதி திருட்டு. திருட்டுன்னு போடுங்க."

"உங்கள வேலைய விட்டு எடுத்தாச்சு. இதுல எது இருந்தா உங்களுக்கு என்ன சார்?"

"வேலை போனது சரிதான், அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. இந்த வரி ஃபைல்ல கெடக்கும். நாளைக்கு எவனாச்சும் எடுத்துப் படிச்சிட்டு, இவனுங்களுக்கு ஓசி குடுத்துத்தான் ஊர்ச் சொத்து அழிஞ்சிதும்பான்."

"திருத்தணும்னா மேடம்கிட்ட போவணும். மேடம் மீட்டிங்ல கீறாங்க."

"இருக்கேன்," என்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

பத்தரைக்கு உட்கார்ந்தவர். எழுத்தர் டீ குடித்து வந்தார், சாப்பிட்டு வந்தார், ஒரு பயிர்க்கடன்காரரையும் ஒரு மரணச் சான்றிதழ்க்காரரையும் நாளைக்கு வா என்று அனுப்பினார். இருதயராஜ் அசையவில்லை. மூன்று மணிக்கு அகல்யா வந்தார். எழுத்தர் சலித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். பேனாவை எடுத்து வரியை அடித்து, மேலே எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட்டுக் கொடுத்தார்.

'முன்னாள் படைவீரர் 31 பேரின் இலவச அனுமதிக்கு ஆன செலவு ரூ. 310. எஞ்சிய தொகை போலிப் பதிவுகளின் மூலம் மோசடியாகப் பெறப்பட்டது.'

இருதயராஜ் அதை இன்னொரு முறை படித்தார். கூட்டிப் பார்த்தார். பிறகு எழுத்தரிடம் பேனா கேட்டார்.